ரீத்தா அக்கா தொடங்கிய படம்

ரீத்தா அக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

பள்ளி முடிந்து வந்து போனைத் திறந்ததும் குமார் அண்ணனின் மெசேஜ். ஆஸ்பத்திரியிலிருந்து இந்த வாரம் வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தோம்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிள்ளானில் ஒரு தையல் கடைக்கு மேலே, ஓவியர்களான நான்கு நண்பர்கள் வாடகைக்கு எடுத்த அறை இருக்கிறது. சனிக்கிழமைகளில் யாரும் போய் வரையலாம். சிலபஸ் இல்லை, மார்க் இல்லை. ரீத்தா அக்காவும் குமார் அண்ணனும் அந்த நால்வரில் இருவர்.

அங்கே யாரையாவது "டீச்சர்" என்று கூப்பிட்டால், அன்றைக்கு எல்லாருடைய பிரஷையும் கழுவ வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் நான்தான் கழுவினேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் தொடங்கிய படத்தை அடுத்த வாரம் இன்னொருவர் தொடர வேண்டும்.

எங்கள் ஃபிளாட்டைப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தேன். அடுத்த வாரம் போனால், ஜன்னலில் ஒரு பச்சைப் பூனை!

"அக்கா, இது என் படம்!"

"போன வாரம் வரைக்கும் லா."

பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த கூட்டுக் கண்காட்சியில் அந்தப் படமும் இருந்தது. டியூஷனை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்த அம்மா, அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"இந்தப் பூனைய யாரு வரைஞ்சது?"

"பூன என்னோடதுக்கா. அது உக்கார எடம் குடுத்தது உங்க மக" என்றார் ரீத்தா அக்கா.

அம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அம்மாவே என்னைக் காரில் கொண்டு போய் விடுகிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அக்கா ஒரு படம் தொடங்கினார். போர்ட் கிள்ளான் துறைமுகம். ஒரே ஒரு கிரேன், மீதியெல்லாம் வெள்ளை. அதை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, ரொம்ப அழகா இருக்கு. நான் தொட்டா கெட்டுடும்."

"அப்புறம் எதுக்கு உன்கிட்ட குடுக்கறேன்? போட்டோ எடுக்கவா?"

நான் இன்னும் தொடவில்லை.

அந்தப் படத்தை அப்படியே மாலை போட்டு அடுத்த கண்காட்சியில் மாட்டலாம் என்று குரூப்பில் சிலர் சொல்கிறார்கள். "உன் டர்ன்மா, நீயே சொல்லு" என்கிறார் குமார் அண்ணன்.

இந்தச் சனிக்கிழமை வரைகிறேன் அக்கா. உங்கள் கிரேன் மேல் ஒரு பூனை உட்காரப் போகிறது... பச்சைதான்.

எல்லாவற்றுக்கும் நன்றி, டீச்சர்.

பிரஷ் எல்லாம் நானே கழுவிவிடுகிறேன்.