சூப்பர்வைசருக்காக நான் நீட்டிய விரல்

ஆக்சிஜன் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு எங்கள் சூப்பர்வைசர் சொன்ன பொய் இன்னும் என் காதில் இருக்கிறது. கொரோனா இரண்டாவது அலை. மூக்கண்டப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன எங்கள் இருவருக்கும் ஆஸ்பத்திரியிலும் பக்கத்துக் கட்டில்தான் கிடைத்தது. நர்ஸ் வந்து சுகர் உண்டா என்று கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா" என்றார் இவர். கேன்டீனில் பத்து வருடமாகச் சர்க்கரை போடாத டீ குடிக்கிற மனிதர்!

வயதானவர்கள், சுகர் உள்ளவர்கள், தாமதமாக வந்து சேர்ந்தவர்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று டிவியில் கேட்டிருந்தார். மூன்றுமே அவருக்குப் பொருந்தியது. மற்ற இரண்டையும் மாற்ற முடியாது, சுகரையாவது மறைத்துவிடலாம் என்று நினைத்துவிட்டார். எங்கள் குவாலிட்டி டிபார்ட்மென்டில் அப்படித்தான் பழக்கம். ஆடிட்டர் வரும் நாளில் ரிஜெக்ட் பெட்டியைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, நல்ல பீஸாகப் பொறுக்கி அவர் கையில் கொடுப்போம்.

ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு மட்டும் தினமும் காலையில் விரலில் குத்தி சுகர் பார்த்தார்கள். அவருக்கு அந்த ஊசி உண்டு, எனக்கு இல்லை. "ஏப்பா, என் கட்டில்ல வந்து படு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டார். கவச உடைக்குள் வேர்த்து வழியும் நர்ஸ் கட்டில் எண்ணைப் பார்ப்பாரா, மாஸ்க்குக்குள் இருக்கும் முகத்தைப் பார்ப்பாரா? பதினைந்து வருடம் அவருக்குத் தலையாட்டியவன், போய்ப் படுத்து விரலை நீட்டினேன். நூற்றுப் பத்து. "பாத்தியா, பாஸ்!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். அடுத்த நாளும் பாஸ்.

மூன்றாம் நாள் தண்ணீர் பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்தார். மதியத்துக்கு மேல் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. என் விரலால் ஒரு மனிதர் சாகப் போகிறார். நர்ஸைக் கத்திக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தளிக்காரப் பெண், பதறினால் கன்னடம் வந்துவிடும். "அய்யோ தேவரே! அந்த ஊசியே சுகர ஏத்துமே, இன்சுலின் போட்டிருக்கணுமே! உங்க ரத்தத்த பாத்தா இவருக்கு வைத்தியம் பண்ணினேன்?" என்று சூப்பர்வைசரின் விரலில் குத்தினார். மெஷினில் எண்ணே வரவில்லை. அது அளக்கக்கூடிய எல்லையைச் சுகர் தாண்டியிருந்தது.

இன்சுலின் ஏற்றி, நாலு நாள் ஐசியுவில் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். வார்டுக்குத் திரும்பியதும் என்னிடம் சொன்ன முதல் பேச்சு, "ஆடிட்டர்கிட்டயே போய் சொல்லிட்டியேப்பா."

இப்போது அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனால், அவர் மனைவி தட்டு நிறைய அதிரசம் வைப்பார். "தம்பி, அன்னிக்கி நீங்க நர்ஸம்மாவ கூப்புடலன்னா இவரு இல்ல" என்று வருடாவருடம் கண் கலங்குவார். விரல் நீட்டிய கதை அந்த அம்மாவுக்குத் தெரியாது. எதிரே வெள்ளரிக்காய்த் துண்டுகளோடு உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடாதே என்று என்னை முறைப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். இந்த வருடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன்.

"இன்னும் ஒண்ணு வெச்சுக்கோங்க தம்பி" என்பார்.

வைத்துக்கொள்வேன்.