மறிக்காத காவல்

கொட்டாஞ்சேனையில் என்னைப் பெரிய கொம்பியூட்டர்காரன் என்பார்கள். நான் மடையன். கதவைத் திறந்து போட்டுவிட்டு, "பூட்டியாச்சு அக்கா" என்று சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தவன்.

அக்கா என்றது, வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இரத்தப் பரிசோதனை லாப் நடத்துபவ. ஒருநாள் அங்கே ரிப்போர்ட் அச்சடிக்க முடியவில்லை. நான் போட்ட புது மென்பொருளை சேர்வரின் லினக்ஸ் காவல், அதாவது எந்தப் புரோகிராம் எதைத் தொடலாம் என்று பார்க்கும் பாதுகாப்பு, மறித்துக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் அனுமதி எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டுக்கு நின்ற சனம் என்னை முறைத்தது. காவலையே 'பெர்மிசிவ்' நிலையில் விட்டேன். அந்த நிலையில் அது யாரையும் மறிக்காது, குறித்து மட்டும் வைக்கும். அடுக்குமாடி வீட்டு வாசல் காவல்காரர் மாதிரி, கள்ளனுக்கும் ஒரு சலூட். கரண்ட் போய் வந்தாலும் மாறக்கூடாதென்று அமைப்புக் கோப்பிலேயே எழுதியும் வைத்தேன். என்ன கெட்டிக்காரத்தனம். பிறகு மறந்துபோனேன்.

போன மாதம் அக்கா போன் எடுத்தா.

"தம்பி, ஆரோ ஒருத்தன் எங்கட பேஷண்டுக்கு கோல் எடுத்து, அவட ரிப்போர்ட்டை வரிக்கு வரி வாசிச்சிருக்கிறான். அவ இன்னும் ரிப்போர்ட் எடுக்க வரவே இல்லை."

ஓடிப்போய்க் காவலின் குறிப்புகளைத் திறந்தேன். லாப்பின் வெப்சைட்டை ஓட்டும் புரோகிராம், தனக்குச் சம்பந்தமே இல்லாத ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்திருந்தது. வெப்சைட் வழியாக ஆரோ புகுந்திருக்கிறான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் புதிதாக ஒரு வரி வந்து உட்கார்ந்தது.

"இப்பவும் உள்ளுக்கு நிக்கிறானா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சனம் கையில் பில் துண்டோடு காத்திருந்தது.

ஒரு கட்டளை அடித்து, உண்மையாகவே மறிக்கும் 'என்ஃபோர்சிங்' நிலைக்கு மாற்றினேன். அடுத்த வரி மறிக்கப்பட்டதாக வந்தது.

"பாத்தீங்களா அக்கா, காவல்காரர் நித்திரையால எழும்பிட்டார்."

அவ சிரிக்கவில்லை. கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரைந்து சேர்வர் திரும்ப எழும்பியதும் நிலையைப் பார்த்தேன். பெர்மிசிவ். என் கட்டளை அந்த நேரத்துக்கு மட்டும்தான். கோப்பில் என் பழைய கெட்டிக்காரத்தனம் அப்படியே இருந்தது. குறிப்புகளின் அடியில் இன்னும் இரண்டு வரிகள், மறிக்கப்படாமல்.

நெட்வேர்க் வயரைப் பிடுங்கினேன். கோப்பைத் திருத்தினேன், சேர்வரை நிறுத்தி எழுப்பிப் பார்த்தேன். என்ஃபோர்சிங். வேர்வையைத் துடைத்துக்கொண்டு,

"இனி ஒரு ரிப்போர்ட்டும் வெளிய போகாது அக்கா," என்றேன்.

"போனதுகள்?"