ஆய்வுக்கு மறுநாள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொண்டு திருத்திப் படியுங்கள். என்னை எழுதச் சொன்னவர் இப்போது இல்லை. அவருடைய குடை மட்டும் நான் உதவியாளாக இருக்கும் முதியோர் இல்லத்தின் வாசலை ஒட்டிய ஆணியில் தொங்குகிறது. கறுப்புக் குடை. கிழிந்த ஓரிடத்தில் பச்சைத் துணியை வைத்து, தையல் வெளியே தெரியாதபடி அவரே தைத்திருந்தார்.

அவர் எங்கள் நகராட்சி மன்றத்து உறுப்பினர். எல்லாருக்கும் உறுப்பினரம்மா. அதற்கு முன்னாலும், பதவியில் இருந்தபோதும், பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னத் தையல் கடை வைத்திருந்தார். நகராட்சிக் கட்டடத்தில் நடந்ததால் எங்கள் இல்லத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மன்றத்துக் குழு வந்து பார்க்கும். சாப்பாடு சரியா, மருந்து கொடுக்கிறார்களா, படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கிறார்களா என்று பார்த்து மன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். குழுவில் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் பொறுப்பாளரின் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, பதிவேட்டில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். உறுப்பினரம்மா கட்டில் கட்டிலாக நடப்பார்.

ஆய்வு என்றைக்கு என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்கு விடியும் முன்பே எல்லாரையும் குளிப்பாட்டுவோம். பீரோவில் இருக்கும் புது விரிப்புகளை எடுத்து விரிப்போம். குழு போன பிறகு மடித்து உள்ளே வைத்துவிடுவோம். இதில் ஒரு தப்பும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. விருந்தாள் வந்தால் வீட்டில் செய்கிற மாதிரிதானே என்று நினைத்தேன். உறுப்பினரம்மா முதல் தடவை வந்தபோது ஒரு விரிப்பை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "மடிப்பே கலையலியே. இதுல நேத்து யாரு படுத்தா?" என்று கேட்டார். போகும்போது குடையை நாற்காலியில் விட்டுவிட்டுப் போனார். நான் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடி, மூச்சு வாங்க அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தம்பி, உம்மகிட்ட நான் கேட்டனா? மறந்துட்டுப் போனாத்தானலா நாளைக்கு எடுக்க வர முடியும்!"

பிறகுதான் எனக்குப் புரிந்தது. அடுத்தடுத்த ஆய்வுகளில் குடை நாற்காலியிலேயே கிடக்கும். மறுநாள் காலையில் அதை எடுக்க வருகிற சாக்கில் இன்னொரு முறை சுற்றிப் பார்ப்பார். பழைய விரிப்பு, ஆறிய கஞ்சி, வெட்டாத நகம் எல்லாம் அவர் கண்ணில் படும். "உறுப்பினரம்மாவுக்கு ஞாபக மறதி ஜாஸ்தி" என்று பொறுப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு ஐப்பசியில் எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார். மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்டத்தில் ஆயுசு முழுக்க வேலை பார்த்து, ஓய்வு பெற்றுக் கீழே இறங்கியவர். வேறு யாரும் இல்லை. இடுப்புக்குக் கீழே அசைவு நின்றுபோயிருந்தது. விடியற்காலையில் யார் கதவைத் திறந்தாலும், "சங்கு ஊதிட்டாவளா?" என்று கேட்பார். தோட்டத்தில் வேலைக்கு ஊதும் சங்கு. "இன்னும் ஊதலை, படுங்க" என்று சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். சுவரில் அதற்கு ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. அத்தனை பேருக்கும் நாங்கள் இரண்டே உதவியாட்கள். முடிந்தபோது புரட்டினேன். ஆனால் கட்டங்களில் டிக் மட்டும் காலையிலேயே மொத்தமாகப் போட்டுவிடுவேன். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. அவருக்கு முதுகின் கீழே புண் வந்தது. சிவந்து, தோல் உரிந்து, பிறகு குழியாகி வாடை அடிக்கத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். ஆய்வு முடியட்டும் என்றார் பொறுப்பாளர்.

ஆய்வன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, அந்தக் கட்டிலப் பைய சாமான் அறைக்குத் தள்ளு. வாயத் திறந்தேன்னு வையி, நாளையிலேருந்து வேலைக்கு வராண்டாம்" என்றார். தள்ளினேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவரை விட்டுக் கதவைச் சாத்தினேன்.

உறுப்பினரம்மா வழக்கம்போல் எல்லாக் கட்டிலையும் பார்த்தார். என்னிடம் வந்து, "எல்லாரையும் பாத்தாச்சா தம்பி?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் நிமிர்ந்து பேசிப் பழகாதவன் நான். அவர் நாற்காலியில் கிடந்த குடையைப் பார்த்து, "இந்தத் தடவ மறக்க மாட்டேன் வே. நாளைக்கு நாங்குநேரியில அண்ணன் மவளுக்குக் கல்யாணம், விடியக்கால பஸ்ஸு" என்றார். மறுநாள் அவர் வராவிட்டால் அடுத்த ஆய்வு மூன்று மாதம் கழித்துத்தான். பெரியவர் அதுவரை தாங்க மாட்டார்.

அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்த நேரத்தில் நான் குடையை எடுத்துக்கொண்டு போய், சாமான் அறையில் பெரியவரின் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தேன். வெளியே மழை பிடித்துவிட்டது. மற்ற உறுப்பினர்கள் காரில் இருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் இங்கேயும் அங்கேயும் தேடிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். பொறுப்பாளர் சிரித்தார். நான் மனதுக்குள், வரணும், வரணும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தார். மழை விடாத அந்த விடியலில், அரக்குப் பட்டும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக வாசலில் நின்று, "என் குடை எங்கன?" என்றார். சாமான் அறையைக் கையால் காட்டினேன். அவர் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்து, "சங்கு ஊதிட்டாவளா?" என்று குரல் கேட்டது.

பட்டுச்சேலையோடு தரையில் முழங்கால் போட்டு அவர்தான் பெரியவரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மறுபக்கம். புண்ணைப் பார்த்தார். ஆம்புலன்சை வரவழைத்து, பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனார். அண்ணன் மகளுக்குத் தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து சுவரில் இருந்த அட்டவணையைப் பிய்த்து எடுத்தார். "இந்த டிக்கெல்லாம் யாரு போட்டது?" பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான்தான் என்றேன். உறுப்பினரம்மா என் பக்கம் திரும்பினார்.

"குடைய ஒளிச்ச கைதானா வே இதையும் போட்டுச்சு?"

பிறகு அட்டவணையை மடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே டிக் போடாதீரு. கண்ணுல பாத்தத எழுதும்." எனக்கு எழுத்து வராது என்றேன். "எனக்குப் புரிஞ்சாப் போதும்" என்றார். அவர் மன்றத்தில் பேசிய பிறகு பொறுப்பாளரை மாற்றினார்கள், இன்னும் இரண்டு உதவியாட்கள் வந்தார்கள். பெரியவர் புண் ஆறித் திரும்பி வந்து, அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். குடையை நான் எடுத்துக் கொடுத்தபோது, "இங்கனயே கிடக்கட்டும். அப்பத்தான் நான் வருவேன்" என்றார். ஆனால் அவர் சொன்னபடி நான் எழுதவில்லை. கூச்சம். நான் சொல்லச் சொல்ல வேறு யாராவது எழுதினார்கள்.

அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. பல வருடம் தேர்தலே இல்லை. பதவி போன பிறகும் அவர் குடையைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். போன பங்குனியில் இறந்துவிட்டார். சாவு வீட்டுக் கூட்டத்துக்குள் போகக் கூச்சப்பட்டு எதிர்வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நேற்று ஆய்வு. புதிய குழு வந்தது. நல்ல பிள்ளைகள்தான். செல்போனில் விரிப்பைப் படம் எடுத்தார்கள், சமையலறையைப் படம் எடுத்தார்கள். வாசலைத் தாண்டும் முன்பே அறிக்கை போய்விட்டது. எதையும் மறந்து வைக்கவில்லை. இன்று காலை வெகு நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆணியில் இருந்து குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நானே கட்டில் கட்டிலாக நடந்தேன். முடித்ததும் பதிவேட்டைத் திறந்து, நேற்று அவர்கள் எழுதிய 'நன்று'க்குக் கீழே என் கையாலேயே எழுதினேன்: 'ஜன்னல் ஓரம் மூன்றாம் கட்டில் ஆச்சிக்கு இடது குதிகால் சிவந்திருக்கிறது.' அந்தக் கை சூடு ஆறுவதற்குள் இதையும் எழுதிவிட்டேன்.

ஆய்வுக்கு மறுநாள், புரட்டாசி மாதம் பதினொன்று, சனிக்கிழமை.