சுவரொட்டி தின்ற வருஷம்

எனக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் ரொம்ப நல்லவர்களாகிவிட்டார்கள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கசக்கிறது.

காக்ஸ் டவுனில் எங்கள் வீடு. பக்கத்துப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியது. தெருமுனை கிளினிக்கில் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஏழரை. மாத்திரை எழுதிக்கொண்டே டாக்டர், "பீரியட்ஸ் எப்படிம்மா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் என் கணவர், "அதெல்லாம் நார்மல் டாக்டர். இவ ஒழுங்கா சாப்பிடறதில்ல" என்றார். நான் தலையாட்டினேன். மாதத்தில் பத்து நாள் போகிறது என்பதை இரண்டு ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மாத்திரை வயிற்றைக் கட்டியது. "எதுக்கு அந்தச் சூடு? சாப்பாட்டுலயே சரியாயிடும்" என்றார் மாமியார். மாத்திரை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கணவர் ஸ்கூட்டரில் பிரேசர் டவுன் போய் சுவரொட்டி வாங்கிவருவார். ஆட்டின் மண்ணீரல், கருஞ்சிவப்பாக, வழவழவென்று இருக்கும். மிளகு போட்டு வறுத்துத் தின்ன வேண்டும். நான் தின்று முடிக்கும்வரை மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். மற்ற நாட்களில் முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கஞ்சி, பேரீச்சம்பழம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாதாம். அந்த டீயும் போயிற்று. வைத்தியம் சொன்னவர்கள் அவர்கள். விடிகாலையில் எழுந்து கீரை ஆய்ந்தது, சுவரொட்டி கழுவியது, கஞ்சி காய்ச்சியது எல்லாம் நான்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஏழுக்கு இறங்கியிருந்தது. கணவருக்குக் கோபம் வந்தது.

"இவ்வளவு வாங்கிப் போட்டும் ஏறலன்னா, நீ எங்கதான் கொண்டுபோய்க் கொட்டற?"

சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார். ரத்தம் எங்கே கொட்டிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னேன். "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான. எங்கம்மா இதை உனக்குச் சொல்லலியா?" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்.

வருஷம் முடியும்போது எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே விழுந்தேன். கன்னட டீச்சர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர். பதறி வந்த கணவரை, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று அனுப்பிவிட்டு, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி கட்டியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்கேனில் கர்ப்பப்பை நிறையக் கட்டிகள். ஹீமோகுளோபின் ஐந்து.

"சாப்பாடு நல்லதுதான்மா. ஆனா இவ்வளவு போனா எந்தக் கீரையும் ஈடுகட்டாது. ஒரு வருஷமா யாருமே இதைக் கேக்கலியா?"

"கேட்டாங்க டாக்டர். அவர் பதில் சொன்னாரு."

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மாத்திரையோடு அதே கீரையைத்தான், அதே சுவரொட்டியைத்தான் தின்றேன். நாலு மாதத்தில் பன்னிரண்டு. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை.

போன ஈஸ்டருக்கு சர்ச்சிலிருந்து இரண்டு குடும்பம் வீட்டுக்கு வந்தது. "முகமே தெளிஞ்சிருச்சே!" என்றார்கள். கணவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒரு வருஷம் விடாம சுவரொட்டி வாங்கிக் குடுத்தேன். எல்லாம் இயற்கை வைத்தியம்தான்" என்றார்.

"கர்ப்பப்பையை எடுத்தாங்க. அதனாலதான் ரத்தம் நின்னுச்சு" என்றேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. மாமியார் அவசரமாகக் கேக்கை எடுத்து நீட்டினார்.

அவர்கள் போனதும், "நாலு பேர் முன்னாடி இதைச் சொல்லணுமா? அசிங்கமா இல்ல?" என்றார் கணவர். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நானாகப் போய்ப் பேசவும் இல்லை. எனக்கு அந்த வீட்டில் அவ்வளவு நிம்மதியான இரண்டு வாரம் அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.