ஓர் ஆள் உயரத்துக்கு மண்

கடலில் மண் கொட்டி நிலமாக்குவது எங்கள் கம்பெனியின் தொழில். எங்கே கொட்டுவது, எந்த மட்டம் வரை கொட்டுவது என்று வரைந்து கொடுப்பது என் வேலை. ஜெபல் அலியில் ஆபீஸ், ஷார்ஜாவில் முவைலா பக்கம் வீடு, நடுவில் டிராஃபிக். வீட்டில் வேன் ஏறும்போது இருக்கிற நல்ல குணம் ஆபீஸில் இறங்கும்போது என்னிடம் இருக்காது. வளைகுடா முழுக்க நான் வரைந்த நிலத்தின் மேல் யார் யாரோ வீடு கட்டி வாழ்கிறார்கள். அதைப் பற்றி எனக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

போன வருடம் பசிபிக் கடலில் இருக்கும் ஒரு குட்டி நாட்டின் வேலை எங்களிடம் வந்தது. நடுவில் உப்புநீர்க் காயல், அதைச் சுற்றி ஒரு மெல்லிய பவளக் கரை, அவ்வளவுதான் நாடு. எங்கள் திருச்சியில் வசதியான வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு வருகிற கூட்டத்தை விடக் கொஞ்சம்தான் ஜனம் கூட இருக்கும். ஆனால் ஐ.நா. சபையில் கை தூக்கும்போது இந்தியாவுக்கும் ஒரு கை, அவர்களுக்கும் ஒரு கை. அந்த ஒரு கைக்காகப் பெரிய நாடுகள் எல்லாம் அவர்களை விழுந்து விழுந்து கவனிக்கின்றன. ஒருவர் ஆஸ்பத்திரி கட்டித் தருகிறேன் என்றால் இன்னொருவர் துறைமுகத்தோடு வந்து நிற்பார். கடைசியாக வளைகுடாவின் நிதியம் ஒன்றும் வரிசையில் சேர்ந்தது. கடல் ஏறிவரும் தீவில் மேடான நிலம் செய்து தருவதாகச் சொன்னார்கள். கரைக்கு அடுக்கும் கல்கூட இங்கே ராஸ் அல் கைமாவில் வெட்டி, கப்பலில் அத்தனை தூரம் போகவேண்டும் என்பது நிபந்தனை. கொடுப்பவர் வீட்டுக் கல்லாக இருந்தால்தான் அது கொடை என்று வைத்திருக்கிறார்கள் போல.

நான் இரண்டு படம் வரைந்தேன். ஒன்றில், விமான ஓடுதளத்தை ஒட்டிக் காயலில் மண் கொட்டிப் புது நிலம். இன்னொன்றில், ஜனங்கள் இப்போது வாழும் கிராமத்தையே வீதி வீதியாக ஓர் ஆள் உயரத்துக்கு மண் போட்டு உயர்த்துவது. பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான். நிதியத்தின் அதிகாரிக்குப் புது நிலம்தான் பிடித்தது. அது வானத்திலிருந்து எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும். உயர்த்திய கிராமம் பழைய கிராமம் மாதிரியேதான் இருக்கும், திறப்பு விழாவுக்கு வருபவர்களிடம் எதைக் காட்டுவது?

முடிவு செய்ய அந்த நாட்டுப் பொதுப்பணித் துறையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். பருமனான உடம்பு, பூப்போட்ட சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. வந்த அன்றே கிராமம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஓடுதளத்தை நீட்டித் தருவதாக ஏற்கெனவே ஒரு பெரிய நாடு காத்திருக்கிறதாம். பக்கத்தில் புது நிலமும் சேர்ந்துவிட்டால் அதில் யாருடைய விமானம் வந்து நிற்கும் என்பது தங்கள் கையில் இருக்காது என்றார். கிராமம் உயராவிட்டால் இன்னும் சில வருடங்களில் எல்லோரும் விசா எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆளே இல்லாத தீவின் கையை ஐ.நா.வில் யார் எண்ணுவார்கள் என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எனக்குச் சட்டென்று யாரையும் பிடிக்காது.

மறுநாள் கிராமத்தின் படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். டிரோன் எடுத்த படத்தின் மேல் வீடு, மரம், கிணறு என்று குறித்திருந்தோம். வீட்டுக்கு வீடு முற்றத்தில் வெள்ளையாக ஒரு சிமெண்ட் மேடை இருந்தது. சில வீடுகளில் மூன்று நான்கு. அதையெல்லாம் ‘கார் மேடை’ என்று எழுதியிருந்தான் என் பக்கத்து மேசைப் பையன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், கையில் சுத்தமான வேலை. ஷார்ஜாவில் வீட்டு முற்றத்தில் சிமெண்ட் போட்டிருந்தால் அதன் மேல் கார்தானே நிற்கும்? நானும் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். முதலில் சிரித்தார். நாடு முழுக்கவே இத்தனை கார் கிடையாது என்றார். பிறகு ஒரு மேடையைத் தொட்டு, “இது என் அம்மா” என்றார்.

அவர்கள் ஊரில் இறந்தவர்களை வீட்டு முற்றத்திலேயே புதைக்கிறார்கள். சாயங்காலம் அந்த மேடையின் மேல் உட்கார்ந்து பேசுவார்கள், பிள்ளைகள் பாடம் எழுதுவார்கள். தோண்டி வேறு இடத்துக்கு மாற்றும் வழக்கம் இல்லை. அப்படியானால் இங்கே நிலத்தை உயர்த்தியபோது நீங்கள் கல்லறைகளை என்ன செய்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். இத்தனை நிலம் செய்தவர்களுக்கு அதற்கும் ஒரு வழி தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் வந்திருக்கிறார். இங்கே அடியில் வெறும் கடல்தான் இருந்தது, யாரும் இல்லை என்றேன். சொல்லும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் எரித்துச் சாம்பலைக் காவிரியில் கரைப்பதோடு சரி. அதற்குக்கூடப் பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போவதில்லை. கல்லறை என்ற ஒன்று என் புத்தியிலேயே இல்லை.

நிதியத்து அதிகாரி பதமாகப் பேசினார். பெற்றவர்கள் மேல் யாராவது மண் கொட்டுவார்களா, புது நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கலாஸ், விஷயம் முடிந்தது என்றார். அவர் மனம் நோகப் பேசவில்லை. ஆனாலும் அவருக்கு வேண்டியது தானாக மடியில் வந்து விழுந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த அம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர் வாய்திறக்கும்போதே புது நிலம்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அதிகாரி போனதும், பக்கத்து மேசைப் பையன் என்னிடம் தமிழில் சொன்னான்:

“அக்கா, எங்க அப்பாவுக்க கல்லறைய கடலு கொண்டு போயிட்டு. கல்லறைத் தோட்டத்துல பாதி இப்ப இல்ல. கல்லறைத் திருநாளுக்கு எங்க அம்மா மெழுகுதிரியக் கையில வச்சிட்டு, எங்க கொளுத்தன்னு தெரியாம கடலப் பாத்து நிப்பா. மண்ணு போட்டு மூடினா, கீழ ஆளு உண்டுன்னாவது சொல்லலாம்லா?”

என்ன சொல்கிறான் என்று அந்த அம்மாள் கேட்டார். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். உன் அப்பா மீனவரா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினான். தன் அப்பாவும்தான் என்றார்.

மறுநாள் காலை அவர் கிராமத்தின் படத்தில்தான் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு மேடைக்கு நேர் மேலேயும் புது மட்டத்தில் ஒரு கல் நடவேண்டும். கீழே இருப்பது யார் என்பதைக் குடும்பத்தார் எழுதிக்கொள்வார்கள். எங்களுக்கு அது பெரிய வேலையில்லை. மேடையின் இடம் படத்தில் இருக்கிறது, மட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். ‘கார் மேடை’ என்பதையெல்லாம் பையன் ஒவ்வொன்றாக அழித்தான். நான் மேலே புள்ளிகள் வைத்துக்கொண்டு போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

அவர் அம்மாவின் புள்ளியை வைத்து முடித்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பக்கத்தில் இன்னொரு கல்லுக்கு இடம் விடச் சொன்னார். கீழே அங்கே மேடை எதுவும் இல்லையே என்றேன்.

“அது எனக்கு. என் பெண்கள் இரண்டு பேருக்கும் விசா வந்துவிட்டது, போகிறார்கள். என்றாவது ஊருக்கு வந்தால் என்னை எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியவேண்டாமா?”

புள்ளியை வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தள்ளி வைக்கச் சொன்னார்.