வராத அலைக்கு ஓடிய ஊர்

சந்தையில் பாரை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கரையோரக் குருநகரிலிருந்து மீனவன் அந்தோனி. “மாஸ்ரர், அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா,” என்றான். கையிலிருந்த மீனைத் திரும்ப வைத்துவிட்டு நின்றேன். அவன் ‘அக்கா’ என்றது நம் பிலோமினா ரீச்சரை. ஒரே பாடசாலையில் அவர் விஞ்ஞானமும் நான் கணிதமும் படிப்பித்தோம். ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் வாக்குவாதம் ஓயவில்லை. அவரிடம் வாய் கொடுத்துத் தோற்ற பழைய மாணவர்களாகிய உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு குரல்பதிவு கைபேசிகளில் சுற்றியது. பின்னேரம் நாலு மணிக்கு யாழ்ப்பாணத்தில் நிலநடுக்கமாம். குருநகரில் பாதிச் சனம் பிள்ளைகுட்டிகளோடு வீதிக்கு வந்துவிட்டது. ரீச்சர் தேவாலய வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

“பூமியின்ரை மேலோடு பெரிய பெரிய துண்டாய்க் கிடக்கு. அதுகள் ஒண்டையொண்டு நெருக்கி, வருசக்கணக்காய் இறுகி நிக்கும். ஒருநாள் பிடிவிட்டு வழுக்கும். அதுதான் நடுக்கம்.”

“அது எப்ப வரும், ரீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“தெரியாது.”

“உங்களுக்குமோ?”

“உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாது, பிள்ளை. நாலு மணி எண்டு சொன்னவனுக்குக் கட்டாயம் தெரியாது.”

இத்தனை பேர் முன்னால் ஓர் ஆசிரியர் ‘தெரியாது’ என்ற சொல்லை இவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நாலு மணிக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

அடுத்த வருடம் சுமாத்திராப் பக்கம் கடலடி உண்மையிலேயே நடுங்கியது. அலை வரலாம் என்று அரசாங்க எச்சரிக்கை வந்தது. ரீச்சர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, சனத்தைப் பாடசாலை மேல்மாடிக்கு விரட்டினார். அந்தோனியோ வள்ளத்தை இழுத்துக் கட்டவென்று கரைக்கு ஓடினான். ரீச்சர் அவன் சேட்டுக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

“அண்டைக்கு ஓடாதை எண்டனியள், இண்டைக்கு ஓடு எண்டுறியள்!” என்று அவன் கத்தினான்.

“நடுக்கம் எப்ப வருமெண்டு சொல்லேலாது. வந்த நடுக்கம் அலையைக் கிளப்பினால், அது இஞ்சை வர மணித்தியாலக்கணக்கு எடுக்கும். அதுக்குள்ளை தப்பலாம். வள்ளம் மிதக்கிற சாமான், நீ இல்லை. நட!”

சேட்டு கிழிந்தது. அந்தோனி நடந்தான். இருட்டும்வரை ஊரே மாடியில் நின்றது. அலை வரவில்லை.

மறுநாள் சந்தையில் ஒருவர், “எங்கை ரீச்சர் உங்கடை அலை?” என்று நக்கலடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரீச்சரோ மீன் கழுவும் தண்ணீர்ப் பேசினுக்குள் இரண்டு கைகளையும் விட்டு, உள்ளங்கைகளைப் பக்கவாட்டில் உரசினார். தண்ணீர் லேசாக அசைந்தது. பிறகு ஒரு கையைச் சட்டென்று மேலே தூக்கினார். கேட்டவரின் இடுப்புச் சாரம் நனைந்துபோயிற்று.

“நேற்றுக் கடலடி பக்கவாட்டிலை வழுக்கியிருக்கு. மேலை எழும்பியிருந்தால் இதுதான். எது எண்டு தெரியிறவரைக்கும் மாடியிலை நிக்கிறதுதான் கெட்டித்தனம்.”

சந்தையே சிரித்தது. இவர் எங்கள் பாடசாலை ஆசிரியர் என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அந்தோனி சொன்னான்: “இனி எச்சரிக்கை வந்தால் ஆரும் கதவு தட்டத் தேவையில்லை, மாஸ்ரர். நாங்களே ஏறுவம்.”

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ‘தெரியாது’ என்ற அந்தச் சொல்லை. கணிதம் படிப்பித்தவன் வாயில் அது இலேசில் வராது, பழகிக்கொண்டிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் ‘ஏறுங்கோ’ என்றார். ஊர் ஏறியது.