ஒருவழிப் பாதையில் வலம் வந்தவர்

கோர்ட்டில் ஜூனியர் வக்கீல் வாயைத் திறப்பது கொட்டாவி விட மட்டும்தான். சீனியரின் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போய், அவர் கை நீட்டும்போது சரியான காகிதத்தைக் கொடுத்துவிட்டால் அன்றைய வக்கீல் தொழில் முடிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டைக் கோர்ட் வாசலில் என்னோடு நின்று ஓசி டீ குடித்தவர்களும், இன்றைக்கு வேறு வாசல்களில் அப்படி நிற்கிறவர்களும் என் முதல் கேஸைக் கேட்டால் கொஞ்சம் ஆறுதல் அடைவார்கள்.

மாமாவின் கரிசனம்

அப்பா தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு கறுப்புக் கோட்டு தினமும் துவைத்துக் காயப்போடப்படுவதைத் தவிர வேறு எந்த முன்னேற்றமும் தென்படாததால், பொங்கலுக்குள் என் பெயரில் ஒரு கேஸாவது ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் டவுணில் மாமாவின் ஜவுளிக்கடையில் போய் உட்கார வேண்டும் என்று கெடு வைத்துவிட்டார். சொன்னால் சொன்னதுதான். ஐந்து வருஷம் சட்டம் படித்தவன் லைனிங் துணி கிழித்துக் கொடுப்பதை நினைத்தாலே தூக்கம் வராது.

மாமா தங்கமான மனிதர். எனக்கான இடத்தைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டார். என் முகவாட்டத்தைப் பார்த்து முதுகில் தட்டிக் கொடுத்தார். "கோட்ட மட்டும் கழத்திட்டு வாலே. வெள்ளைச் சட்டை அப்படியே கெடக்கட்டும், கடைக்கும் அதான் நல்லாருக்கும்."

கட்சிக்காரர்

அந்தச் சமயத்தில்தான் பாத்திரக்கடை காந்திமதிநாதன் அண்ணாச்சி வந்தார். நெரிசலைக் குறைக்க டவுணில் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளைக் கொஞ்ச காலத்துக்கு ஒருவழிப் பாதையாக்கி இருந்தார்கள். யார் போட்ட திட்டமோ, அந்த ஒருவழி தேர் ஓடும் திசைக்கு நேர் எதிராக அமைந்துவிட்டது. அண்ணாச்சிக்கு வீடு கீழ ரத வீதி, கடை தெற்கு ரத வீதி. காலையில் கடைக்குப் போவது ஒரு திருப்பம்தான். ராத்திரி திரும்பும்போது அதே வழியில் வந்தால் சாமியை வலத்துக்குப் பதில் இடம் வந்ததாகிவிடும் என்று மேற்கும் வடக்கும் சுற்றித்தான் மொபெட்டில் வீடு சேருவார். போர்டு வந்த பிறகும் அப்படியே போனார். கேஸ் போட்டார்கள்.

டவுணில் பெயர்பெற்ற வக்கீல்கள் எல்லாரும், "தப்புன்னு ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டு வாரும், அஞ்சு நிமிஷம்" என்று அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நான்தான். நானும் அதையே சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்துவிட்டார். "சாமிய வலம் வந்தது குத்தம்னு என் வாயால சொல்லணுமா? அதுக்கு வக்கீல் எதுக்கு வே, நாக்க அறுத்துப் போட்டுட்டா போதாதா?"

கும்பிடு

கேஸ் போட்ட போலீஸ்காரர் வடக்கே ஏதோ ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர். முனையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தவரிடம் பைய விஷயத்தைக் கேட்டேன். பாவம், அவருக்கும் மனசு சரியில்லை. எதிர்த்திசையில் வருகிறவரைக் கைகாட்டி நிறுத்தப் பார்த்தால், அவர் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டபடி கடந்து போகிறாராம். அந்த முனையில் தனக்குப் பின்னால் ஒரு பிள்ளையார் இருப்பதைப் போலீஸ்காரர் கவனித்ததே பிறகுதான்.

"பெரியவர் மரியாதை தெரிஞ்சவர்னு ஒரு வாரம் விட்டுட்டேன் சார். அப்புறம்தான் தெரிஞ்சது, கும்பிடு எனக்கு இல்லைன்னு."

சீனியரின் ஆசி

நான் அசரவில்லை. ஒருவழிப் பாதை போர்டைப் போய்ப் பார்த்தேன். நல்லவேளை, போர்டு கண்ணுக்கே தெரியவில்லை. அதற்கு முன்னால் யாரோ ஒரு பெரிய விளம்பரத் தட்டியைக் கட்டியிருந்தார்கள். தெரியாத போர்டை மீறினார் என்று எப்படிச் சொல்ல முடியும்? புஸ்தகங்களைப் புரட்டி, கண்ணாடி முன்னால் நின்று வாதாடிப் பார்த்தேன். அம்மா கதவைத் தட்டி, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

சீனியரிடம் ஆசி வாங்கப் போனேன். அவர் பொடியை உறிஞ்சிவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஜெயிச்சா சாமி காப்பாத்திட்டாம்பான், தோத்தா வக்கீலு கெடுத்துட்டாம்பான். ஊருக்குள்ள பேரு போயிடும், பாத்துக்கிடும் வே."

தட்டி

சில்லறைக் குற்றங்களுக்கான பெட்டி கேஸ் நடக்கும் நாளில் கோர்ட்டுக்குத் தனி லயம் உண்டு. டவாலி பெயரைக் கூப்பிடுவார், ஆள் கூண்டுக்கு வருவதற்குள் பாதி வழியிலேயே, "ஒத்துக்கிடுதேன் ஐயா" என்று சொல்லிவிடுவார், அடுத்த பெயர். என்ன குற்றம் என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம்கூட இல்லை. அந்த ஓட்டத்தில் நான் எழுந்து, குற்றத்தை மறுக்கிறோம் என்றதும் பெஞ்ச் கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். நான் தட்டி விஷயத்தைச் சொன்னேன். மாஜிஸ்திரேட்டே ஒரு கணம் யோசித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு அவர் அண்ணாச்சியிடம் கேட்டார்: "ஒன்வேயில எதிர்ல வந்தீங்களா?"

"நான் எதிர்ல வரலை ஐயா. ஊருதான் எதிர்ல வந்துச்சு. நான் எப்பவும் போல வலமாத்தான் போனேன்."

"போர்டு உங்களுக்குத் தெரியலையா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் திருநீற்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லப்படாது ஐயா. போர்டு அங்கன இருக்கது எனக்குத் தெரியும். மறச்சுக் கட்டுன தட்டி நம்ம கடைத் தட்டிதான்."

சீட்டு

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டே அபராதம் போட்டார். தட்டியையும் உடனே கழற்றச் சொன்னார். என் முதல் கேஸ், நான் கோட்டுப் பொத்தானைப் போட எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அழுகையே வந்தது. அண்ணாச்சி திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவரோ அபராதம் கட்டிய சீட்டைக் கண்ணில் ஒற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ரொம்பத் திருப்தியாகக் கேட்டார்: "இது இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுமா வே, இல்ல ஆனித் தேர் வரைக்கும் செல்லுமா?"

அடுத்த கட்சிக்காரர்

தோற்ற செய்தி எனக்கு முன்னால் வீடு சேர்ந்திருந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. நானும் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஆனால் பாத்திரக்கடையில் கதை வேறு மாதிரி ஓடியது. "குத்தம்னு ஒரு வார்த்த என் வாயில வரலை. ஜட்ஜ் முன்னால வலமாத்தான் போனேன்னு நிமிந்து சொல்லிட்டு வந்தேன். எல்லாம் நம்ம வக்கீல் தம்பி ஏற்பாடு" என்று அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் ஏற்பாடு செய்தது நேர் எதிரானது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வாரம் கழித்து அப்பா என் அறைக்குள் வந்தார். என் அறைக்கு வருவதென்றால் வாசலில் நின்று அதட்டுவதுதான் வழக்கம்; அன்றைக்கு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கச் சர்க்கார் விதி ஒன்றைக்கூட மீறாத மனுஷன் கையில் போலீஸ் கொடுத்த காகிதம். தெற்கு முனையில் ஸ்கூட்டரோடு நின்றிருக்கிறார். அண்ணாச்சி மொபெட்டில் கும்பிட்டபடி வலமாகப் போயிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு சாமியை இடமாகச் சுற்ற இவருக்கு மனசு வரவில்லை, பின்னாலேயே போய்விட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கோட்ட எடுத்து வெளிய வைலே. கடைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லி உன் மாமாட்ட சொல்லிட்டேன்."

வக்கீல் தொழிலில் நிலைக்கத் திறமை வேண்டும், ராசி வேண்டும் என்பார்கள். எனக்கு ஒருவழிப் பாதை ஒன்று தப்பான திசையில் போட்டிருந்ததே போதுமானதாக இருந்தது.